கோபுரத்தோடு நின்றுவிடும் பூட்டு

செல்போனில் பேசும் குரல் குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் காற்றில் போகிறது. இது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஜிஎஸ்எம் செல்போன்கள் புழக்கத்துக்கு வந்த நாளிலிருந்தே உண்டு. ஆனால் அந்தப் பூட்டு போனில் தொடங்கி டவரோடோ, அதை அடுத்த கட்டுப்பாட்டுக் கருவியோடோ முடிந்துவிடுகிறது. மதுரையில் இருப்பவர் சென்னையில் இருப்பவரிடம் பேசினால், மதுரைப் பக்கத்திலேயே குரலின் பூட்டு திறக்கப்படுகிறது. அங்கிருந்து நிறுவனத்தின் கேபிள்கள், எக்ஸ்சேஞ்சுகள் வழியாகப் பெரும்பாலும் வெறும் குரலாகவே பயணம் செய்து, சென்னைப் பக்கத்தில் வேறொரு சாவியால் மறுபடி பூட்டப்பட்டு எதிர்முனைப் போனுக்குப் போகிறது. நடுவில் உள்ள நெடுந்தூரம் முழுவதும் பேச்சைக் காப்பது நிறுவனத்தின் ஒழுங்கும் நாட்டின் சட்டமும் மட்டுமே. சாவி பேசும் இருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும், பூட்டு இந்த வாயிலிருந்து அந்தக் காது வரை போக வேண்டும் என்று விரும்புபவர்கள் தங்கள் சொந்தக் குறியாக்கத்தை அழைப்பின் மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது. கேட்க எளிதாகத் தோன்றும் இந்த வேலை, பொறியாளர்களைப் பல பத்தாண்டுகள் பாடாய்ப் படுத்தியிருக்கிறது.

முதலில் நிறுவனம் போடும் பூட்டைப் பார்க்கலாம். சிம் கார்டுக்குள் 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண் பதிந்திருக்கிறது. அதே எண் நிறுவனத்தின் கணினியிலும் இருக்கிறது. அது ஒருபோதும் காற்றில் அனுப்பப்படுவதில்லை. நெட்வொர்க் ஏதோ ஓர் எண்ணை அனுப்பிக் கேள்வி கேட்கும். சிம் அந்த எண்ணையும் தன் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால் சந்தாதாரர் உண்மையானவர். அதே ரகசிய எண்ணிலிருந்தும் கேள்வி எண்ணிலிருந்தும் குரலைப் பூட்டுவதற்கான 64 பிட் சாவியும் பிறக்கிறது. 2ஜி போன்களில் இந்தச் சாவியைக் கொண்டு வேலை செய்யும் முறைக்கு ஏ5/1 என்று பெயர். 19, 22, 23 பிட் நீளமுள்ள மூன்று பதிவேடுகள் ஒன்றையொன்று பார்த்து நகர்ந்து, 0, 1 என்று ஒரு நீண்ட வரிசையை உமிழ்ந்துகொண்டே இருக்கும். குரலின் பிட்டுகளோடு அந்த வரிசையைக் கலந்து அனுப்புவார்கள்.

1987இல் வடிவமைக்கப்பட்ட ஏ5/1ஐ வெளியுலகம் பார்க்கவே கூடாது என்று ரகசியமாக வைத்திருந்தார்கள். அது பலிக்கவில்லை. 1999இல் மார்க் பிரிசெனோ ஒரு போனைப் பிரித்து ஆராய்ந்து அதன் முழு அமைப்பையும் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அலெக்ஸ் பிரியுகோவ், அடி ஷமீர், டேவிட் வாக்னர் மூவரும் அதைச் சாதாரணக் கணினியில் உடைக்கும் வழியைக் காட்டினார்கள். ஏற்றுமதிக்கென்று வேண்டுமென்றே வலுக்குறைத்துச் செய்யப்பட்ட ஏ5/2, 2003இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் பர்கன், பிஹாம், கெல்லர் கையில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் விழுந்தது. 2009 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஏ5/1 சாவிகளைத் தேடுவதற்கான சுமார் 2 டெராபைட் அட்டவணைகளை எல்லோருக்கும் கிடைக்கும்படி செய்தார். இன்று ஒரு சட்டைப்பை ஹார்டு டிஸ்க்கில் அடங்கும் அளவுதான் அது. போதாக்குறைக்கு, 2ஜி போன் டவரிடம் நீ யார் என்று கேட்பதே இல்லை. போலி டவர் ஒன்றை நிறுத்தி, குறியாக்கம் வேண்டாம் என்று அது சொன்னால் போன் கேட்டுக்கொள்ளும்.

4ஜி, 5ஜியில் நிலைமை வெகுவாகத் தேறியிருக்கிறது. டவரும் தன்னை நிரூபிக்க வேண்டும்; ஏஇஎஸ் போன்ற உலகறிந்த முறைகள் வந்துவிட்டன. ஆனாலும் பூட்டு முடியும் இடம் மாறவில்லை. காற்றில் ஒட்டுக்கேட்பவனுக்கு வேலை கடினமானது. நெட்வொர்க்குக்குள் நுழைந்தவனுக்கு அது தடையே இல்லை.

அப்படி நுழைந்தால் என்ன நடக்கும் என்பதைக் கிரேக்க நாடு பார்த்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கை ஒட்டிய காலத்தில், வோடஃபோன் கிரீஸ் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சுகளில் யாரோ ரகசிய மென்பொருளைப் புகுத்தினார்கள். நீதிமன்ற உத்தரவுப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று அந்த எக்ஸ்சேஞ்சுகளில் ஏற்கெனவே ஒரு வசதி இருந்தது. அந்த வசதியையே திருட்டுத்தனமாக இயக்கி, பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் அழைப்புகளைப் பிரதியெடுத்து, 14 ப்ரீபெய்ட் போன்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2005 ஜனவரியில் அந்த மென்பொருளைப் புதுப்பிக்கப் போய் ஏதோ பிசகி, சிலருக்குக் குறுஞ்செய்திகள் போய்ச் சேரவில்லை. அந்தப் புகாரைத் துருவியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒரு நாட்டின் பிரதமர் பேசியதை மாதக்கணக்கில் கேட்டவர்கள் காற்றில் இருந்த எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. உடைக்கத் தேவையே இருக்கவில்லை.

குரலை முனைக்கு முனை பூட்டும் முயற்சி செல்போனைவிட வெகு மூத்தது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் வாஷிங்டனும் லண்டனும் ரேடியோ தொலைபேசியில் பேசியபோது ஏ-3 என்ற கருவி குரலைக் கலைத்து அனுப்பியது. குரலின் அதிர்வெண்களைத் துண்டு போட்டு இடம் மாற்றி வைப்பது அதன் உத்தி. காதுக்கு உளறலாகக் கேட்டாலும், குரலின் எல்லாத் துண்டுகளும் வரிசை மாறி அங்கேயே கிடந்தன. ஜெர்மன் அஞ்சல் துறையின் பொறியாளர்கள் அவற்றை மறுபடி வரிசைப்படுத்தி, ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பேசியதையே கேட்டார்கள்.

பதிலுக்கு அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கியதுதான் சிக்சாலி. 1943 ஜூலை 15 அன்று அதில் முதல் அதிகாரப்பூர்வ உரையாடல் நடந்தது. ஒரு முனையத்தின் எடை 50 டன்னுக்கு மேல். மின்சாரம் 30 கிலோவாட். லண்டன் முனையத்தை செல்ஃப்ரிட்ஜஸ் பேரங்காடியின் அடித்தளத்தில் வைத்திருந்தார்கள். அத்தனை பெரிய இயந்திரத்தின் உள்ளே இருந்த யோசனை ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் என்பதுதான் அதன் அழகு.

பெல் ஆய்வகத்தின் ஹோமர் டட்லி கண்டுபிடித்த வோகோடர், பேச்சை அலையாகவே எடுத்துச் செல்லாமல் அதன் அளவுகளை மட்டும் எடுத்துச் சொல்லும். நொடிக்கு 50 முறை, குரலின் பத்து அதிர்வெண் பட்டைகளில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று அளக்கும். சுருதிக்கு இன்னும் இரண்டு தடங்கள். ஒவ்வொரு அளவும் 0 முதல் 5 வரை ஆறு படிகளில் ஒன்றாக எழுதப்படும். ஆக, ஒரு நொடிப் பேச்சு 600 எண்களாகிவிடுகிறது. இப்போது பூட்டுவது வெறும் கூட்டல். ஒரு பட்டையின் அளவு 4, அந்த நேரத்துச் சாவி எண் 5 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 9, ஆறைத் தாண்டியதால் ஆறைக் கழித்து 3 என்று அனுப்புவார்கள். எதிர்முனை 3இலிருந்து 5ஐக் கழிக்கும். குறை எண் வருவதால் ஆறைக் கூட்டினால் மறுபடி 4. சாவி எண் தெரியாதவனுக்கு அந்த 3, 0 முதல் 5 வரை எந்த எண்ணாகவும் இருந்திருக்கலாம். எத்தனை ஆண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் அவனால் அதைத் தாண்ட முடியாது.

சாவி எண்கள் கிராமபோன் தட்டுகளில் இருந்தன. பாதரச ஆவிக் குழாய்களின் தாறுமாறான இரைச்சலிலிருந்து அவற்றைப் பதிவு செய்து, இரண்டே பிரதிகள் எடுத்து, ஒன்றை இந்தக் கரையிலும் இன்னொன்றை அந்தக் கரையிலும் வைத்திருந்தார்கள். ஒரு தட்டில் சுமார் 12 நிமிடத்துக்கான சாவி. இரண்டு தட்டுகளும் ஒரே கணத்தில் சுழலத் தொடங்கி, இம்மியும் பிசகாமல் கூடவே ஓட வேண்டும். உரையாடல் முடிந்ததும் தட்டுகளை அழித்துவிடுவார்கள். ஒரு சாவியை இரண்டாம் முறை தொடவே கூடாது. 1943இன் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்துக்கு வந்து இந்த ஏற்பாட்டை ஆராய்ந்தவர்களில் பிரிட்டிஷ் கணித அறிஞர் ஆலன் டூரிங்கும் ஒருவர். நாடு திரும்பியதும் அவர் இதே வேலையை ஒரு சிறிய பெட்டிக்குள் அடக்க முனைந்து டெலைலா என்ற கருவியைச் செய்தார். சிக்சாலி பற்றிய தகவல்கள் 1976 வரை வெளிவரவே இல்லை.

குரலை எண்ணாக்கு, சாவியைக் கூட்டு, அனுப்பு, கழி, மறுபடி குரலாக்கு. இன்றைய எல்லாக் குரல் குறியாக்கமும் இந்த வரிசையில்தான் நடக்கிறது. தட்டின் இடத்தில் ஏஇஎஸ் போன்ற கணிதம் வந்திருக்கிறது. ஒரு குறுஞ்சாவியிலிருந்து எத்தனை நீளமான எண் வரிசையையும் அது பெருக்கிக் கொடுக்கும். அப்படியிருக்க, சாதாரணச் செல்போன் அழைப்பில் இதைச் செய்வதில் என்ன தடை?

முதல் தடை போனின் உள்ளமைப்பு. ஸ்மார்ட்போனுக்குள் இரண்டு தனித்தனிக் கணினிகள் இருக்கின்றன. ஆப்புகள் ஓடுவது ஒன்றில். நெட்வொர்க்கோடு பேசுவது பேஸ்பேண்ட் என்ற இன்னொன்றில். சாதாரண அழைப்பின்போது மைக்கில் விழும் ஒலி பேஸ்பேண்ட் பக்கம் போய்விடும். அந்த வழியில் கைவைக்க சாதாரண ஆப்புகளுக்கு ஆண்ட்ராய்டும் ஐபோனும் இடம் தருவதில்லை. எவ்வளவு திறமையான மென்பொருளாளர் எழுதிய ஆப்பானாலும், டயல் செய்து போகும் அழைப்பின் குரலைப் பிடித்துப் பூட்டி மறுபடி உள்ளே விட முடியாது.

சரி, குரலை வெளியிலேயே பூட்டி, ஹெட்செட் துளை வழியாகப் போனுக்குள் செலுத்தலாமே என்றால், அங்கே காத்திருக்கிறது இரண்டாவது தடை. இந்த விஷயத்தின் மையமே இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

‘அம்மா’ என்று ஒருவர் போனில் கூப்பிடுகிறார். அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்எம் போன் அந்த அரை நொடியை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டுகிறது; ஆக 25 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஒலியின் 160 அளவீடுகள், ஒவ்வொன்றும் 13 பிட். மொத்தம் 2,080 பிட். இதை அப்படியே அனுப்ப அலைவரிசையில் இடம் கிடையாது. எனவே போனின் கோடெக் அதை 260 பிட்டாகச் சுருக்குகிறது, எட்டில் ஒரு பங்காக. எப்படி முடிகிறது? மனிதத் தொண்டை எப்படி ஒலி எழுப்பும் என்று அதற்குத் தெரியும். உதடு மூடியிருக்கும் ‘ம்’மில் வாயும் மூக்கும் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்பதை எட்டு எண்களில், 36 பிட்டில் எழுதிவிடுகிறது. குரல்நாண்களின் அதிர்வு முந்தைய துண்டில் இருந்த மாதிரியே தொடர்கிறதா என்பதற்கு இன்னும் 36 பிட். எஞ்சியதற்கு 188 பிட். எதிர்முனையில் இருக்கும் போன் அந்த எண்களைக் கொண்டு ஒரு செயற்கைத் தொண்டையை இயக்கி ‘அம்மா’வை மறுபடி உண்டாக்குகிறது. தாய் கேட்பது பிள்ளையின் குரல் அலையை இல்லை. அதைப் பற்றிய குறிப்பிலிருந்து வரைந்த ஓவியத்தை.

பூட்டப்பட்ட குரல் எப்படி இருக்கும்? நல்ல குறியாக்கம் என்றால், அது மழை இரைச்சல் மாதிரி எந்த ஒழுங்கும் இல்லாமல் இருக்க வேண்டும். அந்த இரைச்சலைக் கோடெக்கிடம் கொடுத்தால், அது தன் வழக்கப்படி அதற்குள் ஒரு தொண்டையைத் தேடுகிறது. கிடைக்கவில்லை. ஏதோ ஒரு தோராயத்தை எழுதி அனுப்பிவிடுகிறது. மனிதக் காதுக்கு அந்தத் தோராயம் மூல இரைச்சல் மாதிரியே இருக்கும். ஆனால் பிட்டுகள் எல்லாம் வேறாகிவிட்டன. பூட்டைத் திறக்க ஒவ்வொரு பிட்டும் அப்படியே வேண்டும். மேலும், பேச்சு இல்லாத நேரத்தில் பேட்டரியை மிச்சம் பிடிக்க, இரைச்சலை மௌனம் என்று எண்ணி அனுப்புவதையே போன் நிறுத்திவிடவும் கூடும். பின்னால் வந்த ஏஎம்ஆர் கோடெக் இன்னும் சங்கடமானது. சிக்னலைப் பொறுத்து நொடிக்கு 12.2 கிலோபிட்டிலிருந்து 4.75 கிலோபிட் வரை பேச்சின் நடுவிலேயே ஏறி இறங்கும். சிக்சாலி இந்தச் சிக்கலிலிருந்து தப்பியதற்குக் காரணம், வோகோடரும் பூட்டும் ஒரே கையில் இருந்ததுதான். முதலில் சுருக்கி, பிறகு பூட்டினார்கள். செல்போனில் சுருக்கும் வேலை போன் தயாரிப்பாளரிடமும் நெட்வொர்க்கிடமும் இருக்கிறது. பூட்டு மட்டும் வெளியாளிடம்.

பொறியாளர்கள் கண்ட முதல் வழி, குரல் தடத்தையே தவிர்ப்பது. ஜிஎஸ்எம்மில் மோடம் போல இயங்கும் டேட்டா அழைப்பு ஒன்று இருந்தது, நொடிக்கு 9.6 கிலோபிட், கோடெக் குறுக்கீடு கிடையாது. 2003இல் பெர்லின் நிறுவனமான ஜிஎஸ்எம்கே வெளியிட்ட கிரிப்டோபோன் இதைப் பயன்படுத்தியது. குரலைத் தானே சுருக்கி, ஏஇஎஸ், டூஃபிஷ் என்று இரண்டு முறைகளால் அடுத்தடுத்துப் பூட்டி அனுப்பியது. யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கட்டும் என்று அதன் மூல நிரலையும் வெளியிட்டார்கள். ஆனால் டேட்டா அழைப்பு நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. காலப்போக்கில் நிறுவனங்கள் அதைக் கைவிட்டன.

இரண்டாவது வழி கோடெக்கை ஏமாற்றுவது. பூட்டிய பிட்டுகளை இரைச்சலாக அனுப்பாமல், பேச்சு போலவே தோன்றும் செயற்கை ஒலிகளாக மாற்றி அனுப்புவார்கள். சுருதி, வலிமை, தொண்டை வடிவம் ஆகியவற்றில் கோடெக் எதைச் சிதைக்காமல் கொண்டுசேர்க்கிறதோ அதில் பிட்டுகளை ஏற்றுவார்கள். கேட்டால் அர்த்தமில்லாத மழலை மாதிரி இருக்கும். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005 வாக்கில் இந்த முறையில் ஜிஎஸ்எம் குரல் தடத்தில் நொடிக்கு சுமார் 3 கிலோபிட் அனுப்பிக் காட்டினார்கள். அதற்குள் பேச்சை அடக்க, இராணுவ ரேடியோக்களுக்கான 2.4 கிலோபிட் மெல்ப் கோடெக், டேவிட் ரோவின் கோடெக்2 போன்ற மிகச் சிக்கனமான சுருக்க முறைகள் வேண்டும். 2014இல் அறிவிக்கப்பட்ட ஜேக்பேர் என்ற சிறு பெட்டி இந்த வழியைச் சார்ந்ததுதான். போனுக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளலாம். எந்தப் போனிலும் வேலை செய்யும், போனையே நம்ப வேண்டியதில்லை என்பது இந்த வழியின் பெரிய நற்குணம். குரல் ரோபோ பேசுவது போலிருக்கும், தாமதம் அதிகம், ஒரு நெட்வொர்க்கில் ஓடியது இன்னொன்றில் தடுமாறும் என்பவை அதன் குறைகள். அறிவுக்கு விருந்தாக இருந்தும், பொதுமக்கள் கைக்கு இது வந்து சேராததற்குக் காரணம் அவைதான்.

வென்றது மூன்றாவது வழி. 3ஜி, 4ஜியோடு வந்த இணைய இணைப்பு, பிட்டுகளைத் தொடாமல் கொண்டுசேர்க்கிறது. எனவே குரல் தடத்தை விட்டுவிட்டு, குரலை இணையப் பொட்டலங்களாக அனுப்பினால் போதும். பில் ஜிம்மர்மன் 1995இலேயே பிஜிபிஃபோன் என்று கணினிக்கு இதைச் செய்து பார்த்தவர். 2006இல் இஸட்ஆர்டிபி என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தார். 2010இல் ஆண்ட்ராய்டில் ரெட்ஃபோன் என்ற அழைப்பு ஆப் வந்தது. பின்னால் அது சிக்னல் என்ற ஆப்பில் கலந்தது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் அழைப்புகள் எல்லாவற்றையும் முனைக்கு முனை பூட்டியது. கேட்டு வாங்காமலே கோடிக்கணக்கானவர்களுக்கு அந்தப் பூட்டு கிடைத்தது.

இந்த அழைப்புகளில் ஆப் மைக்கிலிருந்து 20 மில்லிநொடிக் குரலை எடுக்கிறது. நொடிக்கு 50 முறை என்ற சிக்சாலியின் அதே தாளம். ஓபஸ் போன்ற கோடெக் அதைச் சுருக்குகிறது. பொட்டலத்தின் வரிசை எண்ணையும் சாவியையும் கொண்டு ஏஇஎஸ் ஒரு எண் வரிசையை உண்டாக்க, குரல் அதோடு கலக்கப்படுகிறது. வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு ஒரு முத்திரையும் ஒட்டப்படுகிறது. ஒரு பொட்டலம் வழியில் தொலைந்தால் அடுத்தது பாதிக்கப்படாது. ஒவ்வொன்றும் தன் எண்ணைத் தானே சுமப்பதால் தனியாகத் திறக்கும். கடிதம் போல நிதானமாக மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கப் பேச்சில் நேரமில்லை என்பதால் இந்த ஏற்பாடு.

ஒரே எண் வரிசையை இரண்டு முறை பயன்படுத்தினால் எல்லாம் பாழ். சிக்சாலித் தட்டுகளை அழித்தவர்களுக்குத் தெரிந்திருந்த இந்தப் பாடத்தை, 2020இல் ஜெர்மனியின் போஹும் நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4ஜி நெட்வொர்க்குகளுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. சில டவர்கள், ஓர் அழைப்பு முடிந்த சில நொடிகளில் அடுத்த அழைப்பு வந்தால் பழைய எண் வரிசையையே மறுபடி பயன்படுத்தின. ஒருவர் பேசியதைப் பூட்டிய நிலையில் பதிவு செய்தவன், உடனே அவரை அழைத்துச் சிறிது நேரம் பேச்சுக்கொடுத்தால் போதும். இரண்டாம் பேச்சு அவனுக்குத் தெரியும். அதைக் கழித்தால் எண் வரிசை கையில். அதைக் கொண்டு முதல் பேச்சும் திறந்துவிடும். கணிதத்தில் எந்தக் குறையும் இல்லை. அதைப் பொருத்திய கை பிசகியது.

சாவியை இருவரும் எப்படிப் பகிர்ந்துகொள்வது? தட்டை விமானத்தில் அனுப்பும் காலம் 1976இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் எழுதிய கட்டுரையோடு முடிந்தது. எல்லோரும் கேட்கும்படி சில எண்களைப் பரிமாறிக்கொண்டே, மற்றவர் யாருக்கும் தெரியாத ஒரு சாவியை இருவர் உண்டாக்கிக்கொள்ளலாம் என்று அது காட்டியது. ஓட்டை ஒன்றுதான்: நடுவில் உட்கார்ந்தவன் இந்தப் பக்கம் ஒரு சாவியும் அந்தப் பக்கம் வேறொரு சாவியும் செய்துகொண்டு, இருவருக்கும் இடையே குரலைத் திறந்து பூட்டி அனுப்பலாம். அதைப் பிடிக்க ஜிம்மர்மன் கண்ட வழி, சாவியிலிருந்து பிறக்கும் ஒரு சிறு அடையாளத்தைப் பேசுபவர்கள் வாயாலேயே சொல்லிச் சரிபார்ப்பது. டெலிகிராம் அழைப்பில் திரையில் தோன்றும் நான்கு சிறு படங்கள் இதற்குத்தான். திருச்சியில் இருக்கும் தங்கை, சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனிடம் கேட்கிறாள்:

“அண்ணா, எனக்கு யானை, குடை, வாழைப்பழம், மணி வந்திருக்கு. உனக்கு என்ன வந்திருக்கு?”

“எனக்கும் அதே நாலுதாம்மா. சொல்லு, என்ன விஷயம்?”

333 படங்களிலிருந்து நான்கு என்பதால், நடுவில் இருப்பவனின் இரண்டு சாவிகளும் தற்செயலாக ஒரே படங்களைத் தருவதற்கான வாய்ப்பு 1,200 கோடியில் ஒன்றுக்கும் குறைவு. அண்ணனின் குரலைத் தங்கை அறிவாள். அந்தக் குரலே கையெழுத்தாகிறது. வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் இதே வேலையை 60 இலக்க எண் செய்கிறது. ஐந்து நொடி வேலை. பெரும்பாலோர் ஒருமுறைகூடச் செய்து பார்ப்பதில்லை என்பது வருத்தம்.

சொந்தக் குறியாக்கம் என்று கிளம்புபவர்களில் சிலர், பூட்டின் கணிதத்தையே சொந்தமாகச் செய்ய ஆசைப்படுகிறார்கள். யாருக்கும் தெரியாத முறை என்றால் யாராலும் உடைக்க முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஏ5/1இன் கதையே இதற்குப் பதில். சாவி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் எதிரிக்குத் தெரிந்தாலும் தாங்க வேண்டும் என்று ஆகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் 1883இலேயே எழுதிவிட்டார். உலகம் முழுவதும் இருபது ஆண்டுக்கும் மேலாகத் தாக்கிப் பார்த்து நிற்கும் ஏஇஎஸ்ஸை விட்டு, ஒரு அறையில் நான்கு பேர் செய்ததை நம்புவதற்கு நியாயமில்லை. ரகசியமான கருவியை விற்பவர் யார் என்பதும் தெரியாது. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி பல பத்தாண்டுகளாக இந்தியா உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் குறியாக்கக் கருவிகளை விற்றது. 1970 முதல் அந்த நிறுவனம் அமெரிக்காவின் சிஐஏவுக்கும் ஜெர்மன் உளவுத்துறைக்கும் சொந்தமாக இருந்தது என்று 2020இல் வெளியானது. 2021 ஜூனில் வெளிச்சத்துக்கு வந்த ஆனம் போன்கள் இன்னும் நேரடி: பாதுகாப்பானவை என்று குற்றக் கும்பல்கள் வாங்கிய 12,000 சாதனங்களையும் நடத்தியது அமெரிக்காவின் எஃப்பிஐ.

பூட்டு சரியாக இருந்தாலும் அதன் நிழல் காட்டிக்கொடுக்கலாம். சில கோடெக்குகள் சிக்கனம் கருதி, எளிய ஒலிக்குச் சிறு பொட்டலமும் சிக்கலான ஒலிக்குப் பெரிய பொட்டலமும் அனுப்பும். உள்ளே இருப்பது தெரியாவிட்டாலும் அளவு வெளியே தெரியும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரைட், ஃபேபியன் மான்ரோஸ் குழுவினர் பூட்டிய அழைப்பின் பொட்டல அளவுகளை மட்டும் வைத்து, 2007இல் பேசுவது எந்த மொழி என்று ஊகித்தார்கள்; அடுத்த ஆண்டு, தேடும் சொற்றொடர்களைச் சராசரியாகப் பாதி அளவு துல்லியத்தோடு கண்டுபிடித்தார்கள். சில சொற்றொடர்களுக்கு அது 90 விழுக்காட்டைத் தாண்டியது. மருந்து எளிது: எல்லாப் பொட்டலத்தையும் ஒரே அளவாக்குவது. கொஞ்சம் டேட்டா கூடுதலாகச் செலவாகும், செலவழிக்கத்தான் வேண்டும்.

போனுக்குள்ளேயே திருடன் இருந்தால் எந்தக் குறியாக்கமும் உதவாது. குரல் பூட்டப்படும் முன் மைக்கில் வெறும் குரலாகத்தானே இருக்கிறது. 2019இல் வாட்ஸ்அப்பின் அழைப்பு நிரலில் இருந்த ஒரு பிழை வழியாக, சுமார் 1,400 பேரின் போன்களைக் குறிவைத்து உளவு மென்பொருள் அனுப்பப்பட்டது. அழைப்பை எடுக்க வேண்டியதுகூட இல்லை. மணி அடித்தாலே போதும். தகவல்களைக் காக்கும் நிரலே வாசலாகிவிட்ட கொடுமை அது. யார் யாரை எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் பேசினார் என்பதையும் பூட்டு மறைப்பதில்லை.

இந்தியாவில் அரசு ஒட்டுக்கேட்பதற்கான அதிகாரம் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவிலிருந்து வந்தது. இப்போது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் இருக்கிறது. தொலைபேசியில் பேசுவது அந்தரங்க உரிமையின் பகுதி என்றும், உள்துறைச் செயலர் நிலையிலான உத்தரவு இல்லாமல் அதில் தலையிடக் கூடாது என்றும் 1996இல் பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஆனால் நீதிமன்றம் போட்ட வரம்புகள், கிரேக்கத்தில் நடந்தது போல வசதியையே திருடுபவனைக் கட்டுப்படுத்தா. முனைக்கு முனை குறியாக்கத்தின் பக்கம் வலுவாக நிற்கும் நியாயம் இதுதான். குற்றவாளிக்கும் அதே பூட்டு கிடைக்கிறது என்று காவல்துறை சொல்வதிலும் உண்மை உண்டு. நல்லவருக்கு மட்டும் திறக்கும் கதவைக் கட்டத் தெரிந்த பொறியாளர் இதுவரை பிறக்கவில்லை.

இந்தப் பூட்டுக்கு இரு முனையிலும் ஒத்த ஆப் வேண்டும். இணைய வழியில் புறப்பட்டுச் சாதாரண எண்ணுக்குப் போகும் அழைப்பில், குறியாக்கம் தொலைபேசி நெட்வொர்க்கின் நுழைவாயிலில் கழன்றுவிடும். மகன் கையில் எத்தனை உயர்ந்த போன் இருந்தாலும், ஊரில் 2ஜி பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கு அவன் பேசும் பேச்சு, கடைசி ஓரிரு கிலோமீட்டரில் ஏ5 வரிசை முறைகளில் டவர் எதைத் தேர்ந்தெடுக்கிறதோ அதன் பாதுகாப்பில்தான் அவர் காதுக்குப் போகிறது.